காலை ........ மணிக்கு

1

இதை முதலில் மனுவாகத்தான் எழுத ஆரம்பித்தேன். திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே கொடுக்க ஒரு மனு வேண்டும் என்று அம்சவல்லி அக்கா கேட்டார். கன்று ஈன்ற அவருடைய மாடு செத்துப்போய்விட்டது. கூப்பிட்டும் மாட்டு டாக்டர் வரவில்லை என்பது புகார். மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருவில் பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறவன் நான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதனால் என்னிடம் வந்தார்.

மூன்று வரியில் மனு நின்றுபோனது. நான்காவது வரியில் ஒரு நேரத்தைக் குறிப்பிட வேண்டும். அது வரவில்லை. பக்கத்தில் இன்னொரு தாளை எடுத்துக் கதை எழுதத் தொடங்கினேன். கதையில் நேரத்தை மாற்றலாம், ஆளை மாற்றலாம், செத்த மாட்டை எழுந்து நிற்க வைக்கலாம். எழுதுகிறவர்கள் இதற்கு மரியாதையான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவை தேவையில்லை.

என் பெயர் பாலகுமார். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் ஆளாக மூன்று வருடம் நைட் ஷிப்ட் பார்த்தேன். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. யாரும் தேடி வரவில்லை. அதில் இதற்கு மேல் கதை கிடையாது.

2

தொடக்கம் ஒன்று:

"மண்மலைக்கு மேல் சூரியன் சிவப்பாக எழுந்தபோது செவலைப் பசு தன் முதல் வலியை —"

நிறுத்திவிட்டேன். மாடு வலியெடுத்துப் படுத்தபோது ஒன்பதாகப்போகிறது. சூரியன் எப்போதோ எழுந்து எல்லோரையும் வேர்க்க வைத்திருந்தது.

தொடக்கம் இரண்டு:

"பிட்டர் இளவழகன் அன்று காலையிலேயே குடித்திருந்தான்."

இது நன்றாக வந்தது. இந்த ஒரு வரி போதும், மிச்சக் கதை தானாக ஓடும். குடித்த கை, தவறான இழுப்பு, செத்த மாடு. ஓரமாக ஒருவன் தடுக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறான். அந்த ஒருவன் நான். இரண்டு பக்கம் எழுதிய பிறகுதான் வெட்கம் வந்தது. மைன்ஸில் மெஷின் பிட்டராக இருக்கும் அம்சவல்லியின் தம்பி இளவழகன் குடிக்கிறவன் இல்லை. தைப்பூசத்துக்கு வடலூர் போய் வெயிலில் நின்று நீர்மோர் ஊற்றுகிறவன். ஷிப்டுக்கும் தூக்குவாளியில் மோர்தான்.

ஆகவே அவனுக்கு ஊற்றிய சாராயத்தை அடித்துவிட்டேன். (அடித்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. நீங்கள் படிப்பது அச்சில் என்பதால் அது தெரியாது.)

3

நைட் ஷிப்டை விட்டவன் மாட்டுக்குப் பின்னால் எப்படி வந்து நின்றான் என்று கேட்பீர்கள். ஒரு நாயால் வந்தேன்.

பஸ் ஸ்டாப் பக்கம் முனவரா அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனு, பயோடேட்டா எல்லாம் அங்கே டைப் செய்து தருவார். கடை வாசலில் கிடந்த நாய்க்கு ஐந்தாவது குட்டி மாட்டிக்கொண்டது. வாலும் ஒரு பின்காலும் வெளியே, மற்றது உள்ளே. சுற்றி நின்றவர்கள் ஐயோ ஐயோ என்றார்கள். நான் துணியால் பிடித்து, நாய் முக்கும்போது மட்டும் கீழ்ப்பக்கமாக இழுத்தேன். வந்துவிட்டது. மூக்கைத் துடைத்து உலுக்கியதும் கத்தியது. அன்று நான்கு பேர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று வருட நைட் ஷிப்டில் ஒருவரும் வாங்கிக் கொடுத்ததில்லை.

என் கை மெலிந்த கை. ரோலருக்கு இடையில் சிக்கிய கல்லை எடுக்க அனுப்பப்பட்ட கை. அதைப் பார்த்துத்தான் ஆட்டுக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். பன்னிரண்டு ஆடு, நான்கு மாடு, மூன்று நாய். இவற்றில் எத்தனை நான் தொடாமலே ஈன்றிருக்கும் என்று நான் யோசித்ததில்லை. கூப்பிட்டவர்களும் யோசிக்கவில்லை.

பிறகு கால்நடை மருந்தகத்துக்குத் திலகவதி டாக்டர் வந்தார். அவரும் கான்ட்ராக்ட்தான். வருடா வருடம் ஆர்டரைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆடி மாதம் ஒரு ஆட்டுக்கு அவசரப்பட்டேன். குட்டியோடு கர்ப்பப்பையும் வெளியே வந்துவிட்டது. ஈரச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனோம். டாக்டர் கழுவி, உள்ளே தள்ளி, தையல் போட்டார். கையைக் கழுவிக்கொண்டே பத்துப் பேருக்கு முன்னால் சொன்னார்.

"கை உள்ள போகுதுன்னா இழுத்துடறதா? எப்ப இழுக்கக் கூடாதுன்னு தெரியாதவங்க இதுல கை வைக்கக் கூடாது."

பின்னாலிருந்து ஒருவன், "கேட்டுக்கடா, பிரசவ டாக்டரு" என்றான். சிரித்தார்கள்.*

* இங்கே கதையை நிறுத்துவது எனக்கு வசதி. முதல் மூன்று பிரதிகளிலும் இங்கேதான் நிறுத்தியிருந்தேன். நிறுத்தாவிட்டால் அடுத்தது வரும்: கூட்டம் கலைந்ததும் டாக்டர் ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "கஷ்டமா இருந்தா கூப்பிடுங்க. ஸ்கூட்டியில பதினஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்." அதை 'டாக்டர் மாடு' என்று போனில் ஏற்றினேன். ஒருமுறையும் கூப்பிடவில்லை.

4

செவலை ஜெர்சிக் கலப்பு. முதல் ஈற்று. அதன் தாய் போன வருடம் செத்த பிறகு அம்சவல்லிக்கு இது ஒன்றுதான்.

"எங்க வூட்டுக்காரரு கான்ட்ராக்ட்டு, தம்பி கான்ட்ராக்ட்டு. பெர்மனன்ட் ஆவப்போறது இது ஒண்ணுதான் பாலு. கன்னு போட்டுட்டா ஆர்டரு கைல வந்த மாதிரி" என்பார். டவுன்ஷிப் ரோட்டோரத்தில் மேய்ந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று, மாட்டை அவிழ்த்து விடாமல் புல்லைத் தலையில் சுமந்துகொண்டு வருவார்.

அன்று காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்னால் பனிக்குடம் உடைந்தது. நான் போனபோது இரண்டு முன்குளம்புகள் தெரிந்தன. அவற்றின் மேல் மூக்கு இருக்க வேண்டும். இல்லை. சோப்புப் போட்டுக் கையை உள்ளே விட்டேன். கன்றின் தலை இடப்பக்கம் மடங்கி, தன் விலாவைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. முதலில் கன்றைப் பின்னுக்குத் தள்ளி இடம் உண்டாக்க வேண்டும். பிறகு மூக்கைக் கையால் மூடிப் பிடித்துத் தலையை வாசலுக்குத் திருப்ப வேண்டும். மாடு முக்கும்போதெல்லாம் என் கை எலும்புக்கு நடுவில் நசுங்கியது. இரண்டு முறை முயன்றேன். விரல்கள் மரத்துப்போயின.

கையை வெளியே எடுத்தேன். இடது கையால் போனை எடுத்தேன்.

அம்சவல்லி மாட்டின் தலையை மடியில் வைத்திருந்தார். "டாக்டரம்மாவுக்கா போடற?" என்றார்.

"ம்" என்றேன்.

தெருவுக்கு வந்து பேசினேன். ஒரு நிமிடம் நான்கு விநாடி. திரும்பிப் போனதும் கேட்டார்:

"இன்னா சொன்னாங்க?"

"எடுக்கல."

"இன்னொரு தபா போடு."

"எடுக்க மாட்டாங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

இந்தக் கதையில் உண்மையான வசனம் என்று ஒன்று உண்டென்றால் அது 'ம்'. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய கொட்டகை.

நான் கூப்பிட்டது இளவழகனை. சொன்னது இதுதான்: "செயின் பிளாக் எடுத்துக்கினு வா."

5

செயின் பிளாக் என்பது மைன்ஸில் மோட்டாரையும் ரோலரையும் தூக்கும் சங்கிலிக் கப்பி. ஒரு ஆள் கைச்சங்கிலியை இழுத்தால் ஒரு டன் எழும். எங்கள் ஊரில் எது மாட்டிக்கொண்டாலும் எங்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். லாரி பள்ளத்தில் இறங்கினால், போர் பைப் சிக்கினால், பழைய வேம்பின் வேர் வராவிட்டால், செயின் பிளாக். வேறு ஊர்க்காரனுக்கு இந்த யோசனை வந்திருக்காது. மாட்டைப் பார்த்ததும் நான் பெல்ட் ஆளாக மாறிவிட்டேன்.

(இப்படி எழுதினால் பழி ஊர்மேல் போகிறது. ஊர் 'ம்' என்று சொல்லவில்லை.)

அவன் வருவதற்குள் தலையைத் திருப்பிவிட்டேன். இதை நான் பெருமையாகச் சொல்லலாம், சொல்லவும் செய்கிறேன். மூன்றாம் முறை மூக்கு உள்ளங்கைக்குள் வந்தது. தலை திரும்பி முன்காலுக்கு மேலே படிந்தது. என் விரலைக் கன்று சப்பியது. உள்ளே, இருட்டில், வெளியே வராத ஒன்று என் விரலைச் சப்பியது. கை நிறைய வலியோடு நான் சிரித்தேன்.

இளவழகன் சாக்கில் செயின் பிளாக்கைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வந்தபோது ஒன்பது முப்பத்தைந்து. டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் எத்தனை மணிக்கு வந்திருப்பார் என்று கணக்குப் போடும் பொறுப்பு உங்களுடையது. நான் போட்டாகிவிட்டது.

இரண்டு பேரும் கையால் இழுத்தோம். தலை வந்தது, தோள் வந்தது, விலா வந்தது. இடுப்பில் நின்றுவிட்டது. கன்றின் இடுப்பு தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கன்றை லேசாகத் திருக வேண்டும். மாடு முக்கும்போது மட்டும், அதன் கணுக்காலை நோக்கிக் கீழே இழுக்க வேண்டும். தெரிந்தும் கொக்கியைக் கொட்டகையின் இரும்புத் தூணில் மாட்டினேன். நைலான் பெல்ட்டைக் கன்றின் முன்கால்களில் சுற்றினேன்.

"இது ரோலர் இல்லடா, உசுரு" என்றான் இளவழகன்.*

"நேரம் போனா கன்னு செத்துரும். இழு."

"டாக்டர் வரட்டும்டா. அக்கா, டாக்டருக்குச் சொன்னீங்களா?"

"எடுக்கலியாம்டா" என்றார் அம்சவல்லி.

"இழுடா!" என்றேன்.

கடகடவென்று கைச்சங்கிலி ஓடியது. செயின் பிளாக்குக்கு மாடு முக்குவது தெரியாது, நிறுத்துவது தெரியாது, திருகுவது தெரியாது. நேராக இழுக்கத் தெரியும். மாடு கத்தவில்லை. வாயைத் திறந்தது, அவ்வளவுதான். உள்ளே ஒரு சத்தம்.

"இன்னாடா சத்தம்?" என்றான்.

"கயிறு" என்றேன். அங்கே கயிறே இல்லை.

கன்று வந்து விழுந்தது. கிடாரி. மூச்சு இருந்தது. அம்சவல்லி அழுதுகொண்டே என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "நீ இல்லன்னா ரெண்டும் போயிருக்கும்டா தம்பி." அவர் கையில் இருந்த சளியும் ரத்தமும் என் முகத்தில் காய்ந்தன. மாலைவரை கழுவவில்லை.

செவலை எழப் பார்த்தது. எங்கள் பக்கம் கொட்டகைத் தரை பழைய கன்வேயர் பெல்ட்தான், கழித்துக்கட்டிய ரப்பர். ஈரத்தில் அதன் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் வழுக்கிப் பிரிந்தன. பிறகு அது எழவே இல்லை.

* 'உசுரு' என்ற இளவழகனின் வசனத்தை முதல் பிரதியில் எனக்குக் கொடுத்திருந்தேன். நன்றாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

6

மூன்றாம் நாள் அம்சவல்லியே மருந்தகத்துக்குப் போய் டாக்டரை அழைத்து வந்தார். நானும் இருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும்.

டாக்டர் கையுறை போட்டு உள்ளே பார்த்தார். பின்னங்காலை ஊசியால் குத்தினார். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்றின் முன்காலில் நைலான் பெல்ட்டின் தடம் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது. அதைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"யார் இழுத்தது? எதால இழுத்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்சவல்லி சொன்னார்: "கையாலதான். இந்தத் தம்பியும் என் தம்பியும்."

எனக்காகப் பொய் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்காமலே என்னைக் காப்பாற்றினார்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"கூப்ட்டமே! நீங்கதான எடுக்கல."

டாக்டர் போனை எடுத்தார். "எந்த நம்பர்ல இருந்து? எப்ப?"

"பாலு போன்லேர்ந்து. ஞாயித்துக்கெழம காலைல."

டாக்டர் விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க நம்பர்ல இருந்தா?"

"டவர் இல்ல மேடம்" என்றேன். "போயிருக்காது."

அவர் போனை உள்ளே வைத்தார். மருந்தெழுதிக் கொடுத்தார். மாட்டைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார், அடியில் வைக்கோல் போடச் சொன்னார். ஸ்கூட்டியை எடுக்கும்போது, "கன்னுக்குப் பால் குடுங்க. தாய் எழுந்திருக்காது" என்றார்.

அவர் போனதும் அம்சவல்லி காறித் துப்பினார். "பாத்தியா? போன் வரலன்னு சாதிக்கிறா. படிச்ச பொம்பளைக்கு எவ்ளோ நெஞ்சழுத்தம்!"

நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டேன்.

ஆறாம் நாள் ஜேசிபி வந்து குழி தோண்டியது.

7

எழுதிய மனுவை, தொடக்கம் ஒன்று இருந்த தாளோடு சேர்த்து, முனவரா அக்காவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மனுன்னா மூணு பாரா. யாரு, இன்னா நடந்துச்சி, இன்னா வேணும். நீ சூரியன்லேர்ந்து ஆரம்பிச்சிக்கினு இருக்க. கலெக்டரு படிச்சி அழவா போறாரு?"

"டைம் கட்டாயம் போடணுமாக்கா?"

"டைம் இல்லன்னா அது புகாரு இல்லப்பா, பொலம்பல். எத்தினி மணிக்கு, எந்த நம்பர்லேர்ந்து, எந்த நம்பருக்கு. ஒன் போன்லதான் இருக்கே, பாத்து எழுத இன்னா கஷ்டம்? அந்த டாக்டருக்கு வர்ற மாசம் ஆர்டரு முடியுது, தெரியுமில்ல. இது ஒண்ணு போனா போதும்."

அதுதான் விஷயம். இனி முடிவுகள்.

முடிவு அ. ஒன்பது பன்னிரண்டு என்று எழுதுகிறேன். மனு போகிறது. டாக்டர் போன் பதிவைக் காட்டுகிறார், அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை. ஆர்டர் புதுப்பிக்கப்படவில்லை. ஸ்கூட்டி ஊரை விட்டுப் போகிறது. அடுத்த ஆடு மாட்டிக்கொண்டால் ஊரில் மிச்சமிருப்பது என் கை. இந்த முடிவை எழுதும்போது ஒரு இடத்திலும் அடித்தல் இல்லை. அதனால் பயந்துபோய் நிறுத்தினேன்.

முடிவு ஆ. எல்லாவற்றையும் சொல்கிறேன். அம்சவல்லி கன்றைத் தடவிக்கொண்டே, "போவட்டும் பாலு, கன்னாவது —"

இல்லை. கதைகளில்தான் மன்னிக்கிற பெண்கள் அதிகம். எருக்குழியில் குப்பை கொட்டியதற்காகப் பக்கத்து வீட்டோடு ஏழு வருடம் பேசாதவர் அம்சவல்லி. எனக்காக டாக்டரிடம் பொய் சொன்னவர் என்பதை நினைத்தால் இன்னும் மோசம். தான் எதற்காகப் பொய் சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

முடிவு இ. என்மேலேயே ஒரு மனு. "மேற்படி பாலகுமார் என்பவர் எவ்விதத் தகுதியும் இன்றி" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். பாதியில் எனக்கு அது ருசிக்க ஆரம்பித்தது. தன்னைத் திட்டி நன்றாக எழுதுகிறவனை எல்லோரும் நல்லவன் என்பார்கள். கிழித்துவிட்டேன்.

முடிவு ஈ. மாடு எழுந்து நிற் —

8

மாலை ஐந்து. அம்சவல்லி வந்துவிட்டார். பின்னாலேயே கன்றும். பதினான்கு நாள் கன்று, அவர் எங்கே போனாலும் போகிறது. என் வாசற்படியில் உட்கார்ந்து பாட்டிலைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். அது முட்டி முட்டிக் குடிக்கிறது. முன்காலில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி இன்னும் வளரவில்லை.

"எழுதிட்டியா?"

"ஒரு எடம் பாக்கிக்கா."

"படி."

படித்தேன்.

"ஐயா, நான் மந்தாரக்குப்பத்தில் வசித்து வருகிறேன். எனது பசுமாடு ஞாயிற்றுக்கிழமை அன்று கன்று ஈன முடியாமல் அவதிப்பட்டது. மாட்டின் உயிரைக் காக்க எங்களால் இயன்ற அனைத்தையும் செய்தோம். அன்று காலை ........ மணிக்கு"

"நல்லாத்தான் எழுதிக்கிற" என்றார். "அப்பறம்? மணி இன்னா?"

என் போன் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. அதில் அன்று காலை ஒன்பது பன்னிரண்டுக்கு ஒரு அழைப்பு இருக்கிறது. அவர் தம்பியின் பெயர். அதற்கு மேலும் கீழும் ஒன்றுமில்லை. டவர் நன்றாக இருந்தது.

மனுவை அவர் வாங்கிக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். புள்ளி வைத்த இடத்தில் விரலை வைத்திருக்கிறார். பாட்டில் காலியாகிவிட்டது. கன்று காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. நாளைக் காலை ஆறு மணி பஸ்.

"பேனாவ குடு, நானே எழுதிக்கிறேன். ஒன் போன பாத்து நம்பர மட்டும் சொல்லு."

பேனாவைக் கொடுத்துவிட்டேன். இனி எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்றுவரை இந்த ஊரில், அன்று டாக்டருக்கு அழைப்பே போடவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்கள் வாசகர், உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை, சும்மா இருக்கலாம். சும்மா இருப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கேட்டால் 'ம்' என்றால் போதும்.

அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.

"எத்தினி மணி?"